அல்டிமேட் காலமும் ஹோம் காலமும்

எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு காலத்தில் எல்லோரும் புரொஃபஷனலாக இருந்தோம். பிள்ளையார்பாளையத்தில் பாவு வியாபாரம் செய்தவர், காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தவர் என்று யாருடைய கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ‘விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல்’ என்றுதான் வரும். அதே எக்ஸ்பியில் ‘ஹோம்’ என்று விலை குறைந்த பதிப்பு ஒன்றும் உண்டு. அதை யாரும் சீண்டவில்லை. இரண்டும் ஒரு வெற்று சி.டி.யின் விலைக்கே கிடைக்கும்போது எவன் சின்னதை எடுப்பான்?

பிறகு விண்டோஸ் 7 வந்தது. ஊரே ஒட்டுமொத்தமாக ‘அல்டிமேட்’டுக்கு ஏறியது. அந்த வரிசையிலேயே விலை கூடிய பதிப்பு அது. எங்கள் தெருவில் கல்யாண கேசட்டை சி.டி.யாக மாற்றித் தருகிறவர்கூட அதற்குக் கீழே இறங்க மாட்டார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இந்த முறை பில் போட்டு, காசு கொடுத்து, முறையாக ஒரு விண்டோஸ் வாங்கிவிடுவது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழுந்த முதல் கேள்வி: ஹோமா, புரோவா? சும்மா கிடைத்தவரை உச்சியை விட்டு இறங்காதவனுக்கு, காசு என்றதும் அடக்கம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இப்படியொரு கேள்வி வருவது இது முதல்முறை அல்ல. தாத்தா தறியில் உட்கார்ந்தவர். அவர் காலத்தில் அடை கட்டி, பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து இழையைத் தூக்கித் தர, ஊடை போட்டு நெய்தார்கள். அப்புறம் ஜக்கார்டு வந்தது. மாறலாமா வேண்டாமா என்று திண்ணைக்குத் திண்ணை பேச்சு. பெட்டி தறிக்கு மேலே ஏற வேண்டும். தாழ்ந்த ஓட்டு வீட்டில் உத்தரம் இடிக்கும். கூரையைத் தூக்கிக் கட்டியவர்கள் மாறினார்கள். கட்ட முடியாதவர்கள் ‘அடையில் நெய்தால்தான் சேலை’ என்று கொள்கை பேசினார்கள். மாறியவர்களுக்கு அடுத்த கேள்வி: 120 கொக்கியா, 240 கொக்கியா? கொக்கி கூடினால் சேலைக் கரையில் வரும் பேட்டில் பெரிய உரு எழும், விலையும் எழும். தாத்தா 240 வாங்குவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போய் 120 வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டவர்களிடம், “நம்ம வீட்டு உத்தரத்துக்கு இதுதான் பொருந்தும்” என்றார். பாவம், பழியை உத்தரம் ஏற்றது.

அப்பா தறியிலிருந்து எழுந்து டிசைன் போட வந்தவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்புவார். நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை உண்டு, காலிக் கட்டத்துக்கு இல்லை. ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஏற்றிவிட்டால், ஜக்கார்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகும். கீழே யாளியும் அன்னமும் ருத்ராட்சமும் வரும். ஜோசப் மேரி ஜக்கார்டு இந்த ஏற்பாட்டைப் பிரான்சில் 1804 வாக்கில் செய்தார். அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கூட்ட ஹெர்மன் ஹோலரித் கையில் எடுத்ததும் ஓட்டை அட்டையைத்தான். கம்ப்யூட்டர் வகுப்பில் இதைப் படித்துவிட்டு வந்த தெருப் பையன்கள், “நீங்கதான் பெரியப்பா நம்ம ஊர் முதல் புரோகிராமர்” என்பார்கள். “அப்படியா, சம்பளம் மட்டும் இன்னும் தறிக்காரன் சம்பளமாவே இருக்கே” என்பார் அப்பா.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது விண்டோஸ் 98 காலத்தில். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ‘அசெம்பிள் செட்’. 32 எம்.பி. ரேம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்ததும் அப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுல எத்தனை கொக்கி?” என்று கேட்டார்.

டிசைன் போடும் மென்பொருளைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். வேறு வழியில்லை. அதோடு விரல் அகலத்துக்கு ஒரு ‘லாக்’ வரும். பிரிண்டர் செருகும் இடத்தில் அதைச் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். விண்டோஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக, பூட்டு இருந்தது அசல், பூட்டு இல்லாதது நகல் என்ற நேர்மையான கணக்கில் எங்கள் தொழில் நடந்தது.

98-இலிருந்து எக்ஸ்பிக்குப் போனது ஒரு திருவிழா. எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபர் 25. ஊருக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் ஆயிற்று. அன்று புதிய விண்டோஸைத் தேடி நாங்கள் அலைந்தோம். 128 எம்.பி. ரேம் இருந்தால் நல்லது என்றார்கள். சீட்டுப் பணத்தில் ரேம் வாங்கினோம். எதற்காக மாறுகிறோம் என்று கேட்டால் உண்மையான காரணம் ஒன்றுதான்: அதன் முகப்பில் வரும் அந்தப் பச்சை மேடும் நீல வானமும். சார்லஸ் ஓரியர் என்பவர் 1996-இல் கலிஃபோர்னியாவின் சோனோமா பக்கம் காரில் போகும்போது எடுத்த படம். எங்கள் ஊர் ஆள் ஒருவர் அதை மாமல்லபுரம் போகும் வழி என்று சாதித்தார்.

எக்ஸ்பி போட 25 எழுத்து கேட்கும். ஐந்தைந்தாகப் பிரித்து அடிக்க வேண்டும். சிஸ்டம் பார்க்க வரும் தம்பி அதை எந்தத் தாளையும் பார்க்காமல் கடகடவென்று ஒப்பிப்பான். பத்தாம் வகுப்பில் தமிழ் மனப்பாடப் பகுதியில் கோட்டை விட்டவன் அவன்.

அந்தத் தமிழும் எக்ஸ்பிக்குள் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. 98-இல் ஆளுக்கு ஒரு எழுத்துரு. நான் பாமினியில் அடித்த மனு அடுத்த தெரு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் அரசு ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 2000-இலிருந்து யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் உள்ளேயே வரத் தொடங்கின. எக்ஸ்பியில் அதை எழுப்ப, மொழி அமைப்புகளுக்குள் போய் ‘சிக்கலான எழுத்துகள்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, சி.டி.யைத் திரும்பப் போட வேண்டும். சி.டி. தம்பியிடம் இருக்கும். தம்பி வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்தில் இருப்பான். யூனிகோடு தமிழ் காஞ்சிபுரத்துக்கு வரத் தாமதமானதற்கு முகூர்த்த நாட்களும் ஒரு காரணம். இந்த ஒரு விஷயத்தில் புதுப் பதிப்புகளைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸ் 7-இல் விஜயா, 8-இல் நிர்மலா என்று எழுத்துருக்கள் வரிசையாக வந்தன. இன்று தமிழை எழுப்ப யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இந்த எக்ஸ்பி ஆட்சியின் நடுவில்தான், 2005-இல், காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு சில்க் மார்க் முத்திரை வந்திருந்தது. ஊரில் ஒரே பேச்சு: போலி. குறிப்பிட்ட வகைச் சேலைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டி, எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டி விற்கிறார்கள் என்று மனுமேல் மனு போனது. அதில் பல மனுக்களை அடித்துக் கொடுத்தவன் நான்.

ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டே வருவார். “போடுங்க தம்பி… ஒருத்தன் உழைப்பை இன்னொருத்தன் நகல் எடுத்துப் பாதி விலைக்கு விக்கிறது திருட்டுக்குச் சமம்னு போடுங்க.” நான் போடுவேன். அந்த நேரம் பார்த்து மானிட்டரின் கீழ் மூலையில் ஒரு நட்சத்திரம் முளைத்து, நீங்கள் போலி மென்பொருளால் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம் என்று அனுதாபத்தோடு ஆங்கிலத்தில் சொல்லும். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “என்ன தம்பி அது?” என்பார். “ஒண்ணுமில்லைங்க, விளம்பரம்” என்பேன். எங்களை யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் தெரிந்து, பேரம் பேசித்தான் வாங்கினோம்.

2008 அக்டோபரில் அந்த நட்சத்திரம் போதாதென்று, அசல் அல்லாத எக்ஸ்பி புரொஃபஷனலின் முகப்புப் படம் கறுப்பாக மாறியது. திரும்ப மாற்றி வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடி கறுப்பு. பச்சை மேடு போயிற்று. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியே வந்த 1925 மாநாடு நடந்த ஊர் இது. கறுப்புக்குப் பயப்படுமா? யாரும் பயப்படவில்லை. “அப்டேட்டை ஆஃப் பண்ணி வெச்சுடுங்க” என்று ஒரு யோசனை தெருத்தெருவாகப் பரவியது. கறுப்பு போயிற்று, அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் போயின. கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, இனி யாரும் தட்ட மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

நடுவில், 2007 ஜனவரியில் விஸ்டா என்று ஒன்று வந்தது. ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு பதிப்பு. வரதராஜப் பெருமாள் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று எழுந்த தகராறு எங்கள் ஊரின் பேர்பெற்ற கதை. இரண்டு கலைக்கே தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போன ஊரில் ஆறைக் கொண்டுவந்து வைத்தால் யார் தாங்குவார்கள்? விஸ்டா காஞ்சிபுரத்தில் தங்காமல் போயிற்று.

அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ஆம் தேதி, 2011-இல், அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அண்ணா எங்கள் ஊர்க்காரர். ஆகவே அந்த மடிக்கணினி எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உறவு. அண்ணன் மகனுக்குக் கிடைத்ததில் இரண்டு ஓ.எஸ். இருந்தன. ஒன்று சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ். இன்னொன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். லினக்ஸ் இலவசம், அசல், வைரஸ் பயம் குறைவு. ஸ்டார்ட்டரோ, முகப்புப் படத்தைக்கூட மாற்ற விடாத கண்டிப்புக்காரர். விஜய் படம் வைக்க முடியாத மடிக்கணினி எதற்கு என்று பையன் சாப்பிடாமல் உட்கார்ந்தான். தம்பி வந்தான். “பாஸைத் தூக்கிடலாமா சித்தப்பா?” என்று பையன் கேட்டான். நான் தலையாட்டினேன். பாஸும் போனார், ஸ்டார்ட்டரும் போனார். சட்டப்படி வீட்டுக்குள் வந்த இரண்டையும் வெளியே அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாக அல்டிமேட் உள்ளே வந்து உட்கார்ந்தார். வீட்டில் அமைதி திரும்பியது.

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி நின்றது. நான் அசரவில்லை. ஏ.டி.எம். இயந்திரங்களிலேயே எக்ஸ்பி ஓடுகிறது, பணம் எண்ணும் இயந்திரத்துக்கு ஆகாத ஆபத்து பேட்டு போடும் எனக்கா என்று கேட்டேன். 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஏ.டி.எம்.களை எல்லாம் ஓராண்டுக்குள் மாற்றுங்கள் என்று உத்தரவு போட்டபோது அந்த வாதமும் கையை விட்டுப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் வான்னாக்ரை என்ற கணினித் தாக்குதல் உலகத்தைச் சுற்றியபோது, திருமலை திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கணினிகள் சிலவும் மாட்டின. “ஏழுமலையானுக்கே இந்தக் கதின்னா…” என்று அப்பா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அன்று சாயங்காலமே டிசைன் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். இன்று நான் விண்டோஸைத் தேடிப் போவதில்லை, அதுதான் என்னைத் தேடி வருகிறது. 2015 ஜூலை 29-ஆம் தேதி விண்டோஸ் 10 வந்தபோது, 7-உம் 8.1-உம் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு காலம் இலவசம் என்றார்கள். ஒரு காலத்தில் நாங்கள் கள்ளத்தனமாக எடுத்ததை, அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு இலவசம் பழக்கம்தான், வற்புறுத்திக் கொடுக்கும் இலவசம்தான் சந்தேகம். ஒரு வழியாக, 10 ஏற்றியே விற்ற கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் பில் போட அது துணையிருந்தது.

அதே கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்தி. என்னுடையது ஆறாம் தலைமுறை. நாங்கள் நாலாம் தலைமுறை நெசவு, ஐந்தாம் தலைமுறை நெசவு என்று பலகை எழுதி மாட்டும் ஊரில், ஆறாம் தலைமுறை என்ற காரணத்துக்காகவே ஒன்றை வாசலில் நிறுத்தி வைத்ததை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். தாத்தாவுக்கு உத்தரம் இடித்தது, எனக்குச் சில்லு.

மகள் சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். போனில் கேட்டேன்.

“பழசுக்கு ஒரு வருஷம் கூடுதல் பாதுகாப்பு குடுக்குறாங்கப்பா. 2026 அக்டோபர் வரைக்கும் ஓட்டலாம். அப்புறம் எப்படியும் மாத்தணும்.”

“ஹோமா, புரோவா?”

“உங்களுக்கு டொமைன்ல சேரணுமா? வெளியூர்லேர்ந்து நம்ம வீட்டு சிஸ்டத்தை ரிமோட்ல ஓட்டணுமா? பிட்லாக்கர் வேணுமா?”

“வேணாம்மா.”

“இத்தனை வருஷம் அல்டிமேட் வெச்சிருந்தீங்களே, அதுல என்ன பண்ணீங்க?”

கேள்வி நியாயமானது. டிசைன் போட்டேன். மனு அடித்தேன். சீட்டாட்டம் ஆடினேன். அதற்கெல்லாம் ஸ்டார்ட்டரே அதிகம்.

தம்பி வந்தான். அவனுக்கும் இப்போது காதோரம் நரை. “எதுக்கண்ணா அவ்ளோ காசு? ஆன்லைன்ல கீ மட்டும் வாங்கிடலாம். புரோ கீயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஒரிஜினல் மாதிரியே ஆக்டிவேட் ஆகும்.”

‘மாதிரியே’ விற்கிற சரக்கை எங்கள் ஊரில் நன்றாக அறிவோம். ‘காஞ்சிபுரம் மாதிரியே’ இருக்கும் சேலைகள் காந்தி ரோட்டிலேயே கிடைக்கும். ஜரிகையில் எத்தனை வெள்ளி, எத்தனை தங்கம் என்று இயந்திரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்கிற வாயால், சில நூறு ரூபாய் கீயை வாங்கச் சொல்ல வரவில்லை. இது திருந்தியதன் அடையாளமா, வயதானதன் அடையாளமா என்று மகள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் முடிவை நான் எடுக்கவில்லை. கடையில் என் பணத்துக்குப் பொருந்திய கம்ப்யூட்டரில் ஹோம் ஏற்கெனவே ஏற்றியிருந்தது. புரோ வேண்டுமானால் மேலே தனிக் காசு. கடைக்காரர் கேட்டார். “நம்ம வேலைக்கு இதுதான் பொருந்தும்” என்றேன். பேசியது தாத்தாதான்.

ஸ்ரீபெரும்புதூரில், எங்கள் மாவட்டத்திலேயே, 2007-இலிருந்து கம்ப்யூட்டர் பூட்டுகிறார்கள். ஆகவே ஊர் மண்ணின் பெட்டி, அசல் விண்டோஸ், கையில் பில். மூன்றும் சேர்ந்து என் வீட்டுக்குள் வந்தது இதுவே முதல்முறை. திறந்ததும் இன்டர்நெட் கேட்டது, மின்னஞ்சல் கேட்டது, கணக்குத் தொடங்கச் சொன்னது. டி.வி.டி.யில் வந்த அல்டிமேட் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. திருட்டுச் சரக்குக்கு இருந்த கௌரவம் அது.

பழைய எக்ஸ்பி பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. அட்டை குத்தும் இயந்திரமும் அந்த விரலகல லாக்கும் அதோடுதான் ஒத்துப்போகின்றன. புதியவற்றில் அது செருகும் இடமே கிடையாது. இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். போலி புரொஃபஷனல் அங்கே தொழில் செய்கிறார். அசல் ஹோம் இங்கே ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறார். தாத்தாவின் 120 கொக்கிப் பெட்டி பிள்ளையார்பாளையத்தில் உறவினர் தறியில் இன்னும் ஓடுகிறது. அதற்கு ஆதரவு முடிந்ததாக எந்தக் கடிதமும் வரவில்லை.

வேலை முடிந்து தம்பி காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த விண்டோஸ் எப்போது என்று பேச்சு வந்தது. எங்கள் ஊரில் வெளியீட்டுத் தேதி பிசகாத ஒருவர் வரதராஜப் பெருமாள் கோயில் அத்திவரதர்தான். 1939, 1979, 2019. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளி, முதலில் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். 1979-இல் அவர் வந்தபோது உலகத்தில் எம்.எஸ்.-டாஸே இல்லை. 2019 ஜூலையில் வந்தபோது விண்டோஸ் 7 தன் கடைசி மாதங்களில் இருந்தது. எங்கள் வீடு நிறைய உறவினர்கள், எல்லோருக்கும் அதில்தான் அச்சு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருகை 2059.

“சரியான இடைவெளி அதுதான் தம்பி” என்றேன். “இனி 2059 வரைக்கும் எனக்கு எந்த அப்டேட்டும் வேண்டாம்.”

தம்பி டம்ளரை வைத்தான். “நீங்க வேணாம்னு சொல்றதுக்கு அது உங்களைக் கேட்டாத்தானேண்ணா? இன்னிக்கு ராத்திரியே ஒண்ணு இறங்கும். சிஸ்டத்தை ஆஃப் பண்ணிடாதீங்க.”